கேம்பர் வேனில் பழைய சார்ஜிங் சொக்கெட்டை மாற்றினால் போன் வேகமாகச் சார்ஜ் ஆகுமா?

ஆகும். ஆனால் நுவரெலியா, எல்ல பக்கம் வேனிலேயே தங்கிப் பயணிக்கிறவர்கள் பலர் சொக்கெட்டை மட்டும் பார்த்துவிட்டு வயரை மறந்துவிடுகிறார்கள்.

பழைய யூஎஸ்பி சொக்கெட் பெரும்பாலும் 5 வோல்ட்டில் 1 அல்லது 2.1 அம்பியர் தரும். வோல்ட்டை அம்பியரால் பெருக்கினால் வருவதுதான் வாட், அதாவது மின்சாரம் போய்ச் சேரும் வேகம். இங்கே அது 5 முதல் 10 வாட் வரைதான். புதிய யூஎஸ்பி-சி பவர் டெலிவரி வகை, தேவைக்கேற்ப 9, 15, 20 வோல்ட் என்று உயர்த்திக் கொடுக்கும்; 60 வாட் சொக்கெட் இருந்தால் பல லேப்டொப்களுக்கும் போதும்.

அந்த 60 வாட்டும் 12 வோல்ட் பெட்டரியிலிருந்துதான் வரவேண்டும். வகுத்தால் 5 அம்பியர், வீணாவதையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூட. பழைய மெல்லிய வயர் அதற்குச் சூடாகும், வழியிலேயே வோல்ட்டும் குறையும். பீலியிலிருந்து லயத்துக்குத் தண்ணீர் இழுக்கும் குழாய் ஒல்லியாக இருந்தால், முனையில் எவ்வளவு பெரிய டெப் பூட்டினாலும் நூல் மாதிரித்தானே வரும்? அதனால் தடித்த வயர் போடுங்கள், பெட்டரிக்குப் பக்கத்திலேயே பியூஸும் வையுங்கள். பியூஸ் காப்பாற்றுவது வயரை, அதனால் வயர் தாங்கும் அளவைத் தாண்டிய பியூஸ் வேண்டவே வேண்டாம்.

அப்புறம், சுவிட்ச் உள்ள சொக்கெட்டாகப் பாருங்கள். சுவிட்சை அணைக்காவிட்டால், போன் பூட்டாமல் சும்மா இருந்தாலும் சொக்கெட் கொஞ்சம் மின்சாரம் குடிக்கும், பனிமூட்ட நாளில் சோலாரிலிருந்து கிடைப்பதே குறைவு.

60 வாட் சொக்கெட் சின்னப் போனை எரித்துவிடும் என்ற பயம் தேவையில்லை: போன் கேட்கும் அளவைத்தான் சொக்கெட் கொடுக்கும்.