கறுப்பு வெள்ளை சொல்லித்தர இருட்டறை வேண்டுமா, டீச்சர்?

கேள்வி: டெல்டா பக்கம் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருக்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேருக்குக் கறுப்பு வெள்ளைப் புகைப்படம் வழியாக டிசைனும் காம்போசிஷனும் (படத்துக்குள் எதை எங்கே வைப்பது என்பது) சொல்லித்தர ஆசை. பழைய மாணவர்கள் 50,000 ரூபாய் தந்திருக்கிறார்கள். இரண்டு பிலிம் கேமரா, என்லார்ஜர் (பிலிமில் இருக்கிற படத்தைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழவைக்கிற கருவி), பேப்பர், கெமிக்கல், ஒருநாள் பயிற்சி, எல்லோருக்கும் சான்றிதழ் என்று அந்தத் தொகைக்குள் ஓர் ஏஜென்ட் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். வாங்கலாமா? செல்போனில் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றினால் எல்லாப் படமும் சாம்பல் பூசினாற்போல் வருகிறது, அதனால்தான் கேட்கிறேன்.

பதில்: வாங்காதீர்கள் டீச்சர். கொட்டேஷனில் கையெழுத்துப் போட்டிருந்தாலும் முன்பணம் கொடுக்கவில்லை என்றால் இன்றைக்கே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஒரு ரோல் பிலிமில் 36 படம். உங்களிடம் இருப்பது நாற்பது பிள்ளைகள், ஆளுக்கு ஒரு படம்கூட வராது. அந்த ஒரு படத்தையும் பார்க்க ரோல் முடியவேண்டும், கழுவவேண்டும், பிரிண்ட் போடவேண்டும். திங்கட்கிழமை எடுத்த பிள்ளை அதைப் பார்ப்பதற்குள் மாதம் ஆகிவிடும், எங்கே நின்றோம், ஏன் அங்கே நின்றோம் என்பதெல்லாம் மறந்திருக்கும். எடுத்தவுடன் பார்த்து, ஓர் அடி தள்ளி நின்று திரும்ப எடுத்தால்தான் காம்போசிஷன் கைக்கு வரும். இன்னொன்று, பிலிம் கழுவுகிற கரைசலான டெவலப்பருக்கு வழக்கமாகச் சொல்லும் வெப்பநிலை 20 டிகிரி. உங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீர் சித்திரையில் 30-க்குக் கீழே இறங்காது, ஐஸ் வாங்கிப் போட்டுக்கொண்டு உட்காரவேண்டும். ஏஜென்ட் இதைச் சொல்லவே மாட்டார். பயிற்சி நாளன்று கரைசலைத் தயாராகக் கொண்டுவருவார், நாலு படம் வரும், கைதட்டல், சான்றிதழ், குரூப் போட்டோ. அடுத்த வாரம் நீங்கள் தனியாக நிற்பீர்கள்.

நான் பயிற்சி நடத்தப்போன ஒரு கல்லூரியில் இப்படி வாங்கின என்லார்ஜரைப் பார்த்தேன். லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. பேப்பர் பாக்கெட்டின் பின்னால் விலை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது, அதை நகத்தால் உரித்தால் அடியில் காலாவதித் தேதி, முடிந்து ஒன்பது வருடம். யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் மார்ச் 31-க்குள் பணத்தைச் செலவழித்தாகவேண்டும், ஸ்டாக் ரிஜிஸ்டரில் எண் போடக்கூடிய பொருளாகவும் இருக்கவேண்டும். பிள்ளைகள் எடுத்த படத்துக்குப் பிரிண்ட் போட்டால் அது செலவுக் கணக்கில் நிற்காதாம், அலமாரியில் பூட்டிவைக்க ஓர் இரும்புச் சாமான் வாங்கினால் நிற்குமாம். இந்த முறை இருக்கும்வரை இந்த மாதிரி ஏஜென்ட்டுகளுக்குப் பஞ்சமே வராது.

சரி, உங்கள் சாம்பல் விஷயத்துக்கு வருகிறேன். உண்மையான கேள்வி அதுதான்.

முதலில் போனின் லென்ஸைப் பருத்தித் துணியால் துடையுங்கள். இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். சட்டைப்பையிலும் கையிலும் புரளுகிற போனில் எண்ணெய்ப் படலம் ஒட்டியிருக்கும், வெளிச்சம் அதில் பட்டுச் சிதறி, கறுப்பாக இருக்கவேண்டிய இடமெல்லாம் வெளிறிப்போகும். அடுத்து, கேமரா செட்டிங்கில் ஹெச்டிஆர் என்று ஒன்று இருக்கும், அணைக்க முடிந்தால் அணையுங்கள். நிழலை வெளிச்சமாக்கி, வெளிச்சத்தை அடக்கி எல்லாவற்றையும் நடுவில் கொண்டுவந்து நிறுத்துவதுதான் அதன் வேலை. கலர் படத்துக்கு அது உதவும், உங்கள் பாடத்துக்கு அது எதிரி. பிறகு, திரையில் வெளிச்சமான இடத்தைத் தொட்டு, பக்கத்தில் வருகிற சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுக்கச் சொல்லுங்கள். நிழல் நிழலாக விழும்.

இவ்வளவு செய்தும் சாம்பலாக வந்தால் காரணம் போனில் இல்லை, நாம் நிறத்தைப் பார்த்துப் படம் எடுத்திருக்கிறோம். பள்ளித் தோட்டத்தில் ஒரு செம்பருத்தியை எடுத்துப் பாருங்கள். சிவப்புப் பூ, பச்சை இலை, கண்ணைப் பறிக்கும். கறுப்பு வெள்ளையாக்கினால் பூ இலைக்குள் காணாமல் போய்விடும், ஏனென்றால் அந்தச் சிவப்பும் அந்தப் பச்சையும் ஏறக்குறைய ஒரே அடர்த்தி. மெரூன் யூனிபார்ம் போட்ட பெண்ணைப் பச்சை போர்டுக்கு முன்னால் நிறுத்தினாலும் இதே கதைதான், முகம் மட்டும் மிதக்கும். அதனால் எடுத்த பிறகு மாற்றுகிற பழக்கத்தையே விடுங்கள். எடுப்பதற்கு முன்பே போனை மோனோ பில்டரில் வைத்து, திரை கறுப்பு வெள்ளையாகத் தெரியும்போதே எடுக்கட்டும். கையில் போன் இல்லாத பிள்ளைக்குக் கண்ணே போதும், கண்ணைப் பாதி மூடிச் சுருக்கிப் பார்த்தால் நுணுக்கம் எல்லாம் மங்கி, எது இருட்டு எது வெளிச்சம் என்பது மட்டும் நிற்கும்.

முதல் இரண்டு வாரம் கேமராவே வேண்டாம். ஆளுக்கு ஒரு வெள்ளைச் சார்ட்டும் கொஞ்சம் கறுப்புச் சார்ட்டும் கொடுங்கள். கறுப்பைக் கத்தரி இல்லாமல் கையால் கிழித்து வெள்ளையின் மேல் நகர்த்தட்டும். மூன்றே துண்டு. ஒரு துண்டு ஓரத்தைத் தொட்டால் என்ன ஆகிறது, இரண்டு துண்டு ஒட்டியும் ஒட்டாமலும் நின்றால் கண் எங்கே போய் மாட்டிக்கொள்கிறது, மிச்சமிருக்கிற வெள்ளை என்ன வடிவமாக இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே போங்கள். கடைசிக் கேள்விதான் பாடமே. கோலம் போடுகிற வீட்டுப் பிள்ளைகளுக்கு இது சீக்கிரம் பிடிபடும், கம்பி சுற்றி வருகிற இடத்தைவிட உள்ளே காலியாக விடுகிற இடம்தான் கோலத்துக்கு அழகு என்பது அவர்கள் கைக்குத் தெரியும்.

அப்புறம் ஒரு அட்டையில் 6 சென்டிமீட்டருக்கு 4 சென்டிமீட்டர் ஜன்னல் வெட்டிக் கொடுங்கள். கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தால் நிறையக் காட்சி அடங்கும், கையை நீட்டிப் பிடித்தால் கொஞ்சமே அடங்கும். லென்ஸ் பாடம் அவ்வளவுதான், அதற்கு மேல் இந்த வயதில் எண்களைச் சொல்லிக் குழப்பவேண்டாம்.

கேமராவுக்கு வந்ததும் ஒரு முட்டை. வெள்ளைத் துணியில் வெள்ளை முட்டை, வகுப்பு ஜன்னல் ஓரம், காலை வெயில் நேராக விழாத பக்கம். மேலே எரிகிற டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். வெள்ளையில் வெள்ளை எப்படித் தெரியும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் முட்டையில் ஒரு சாம்பல் நிழல் இறங்கும், அந்த நிழலுக்கும் துணிக்கும் நடுவே மெல்லிய ஒளி விளிம்பு ஒன்று வரும், துணியிலிருந்து எழும்புகிற வெளிச்சம் அது. அந்த விளிம்பைத் தானாகக் கண்டுபிடித்துக் காட்டின பிள்ளைக்கு அதற்குமேல் பெரிதாக எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிறகு ஒருவர் கறுப்புச் சார்ட்டை நிழல் பக்கம் கொண்டுவரட்டும், நிழல் ஆழமாகும். வெள்ளைச் சார்ட்டைக் கொண்டுவந்தால் நிழல் கரையும். ஒரு பீரியட் முழுக்க இதற்கே கொடுங்கள், அந்தப் பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் கேட்டால் தயவுசெய்து கொடுக்காதீர்கள். ஓவியப் பீரியட் என்றால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்பது எழுதாத சட்டமாகவே ஆகிவிட்டது.

உதாரணம் காட்டவேண்டும் என்றால் 1858-ல் ஆங்கிலேயப் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் எடுத்த தஞ்சைப் பெரிய கோயில் படங்களைக் காட்டுங்கள், இணையத்தில் கிடைக்கும். பிள்ளைகள் போய்வந்த இடம். வெயில் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது, அதனால் எந்தச் சிற்பம் எழும்பி நிற்கிறது, எது அமுங்கிவிட்டது என்று மட்டும் கேளுங்கள். கோயில் வரலாற்றுக்குள் போய்விடாதீர்கள்.

மூன்றில் ஒரு பங்கு விதியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஒன்பது கட்டம் போட்டு, கோடு வெட்டுகிற இடத்தில் ஆளை நிறுத்து என்று முதல் நாளே சொன்னால் வருடம் முழுக்க நாற்பது பிள்ளைகளும் ஒரே படத்தைத்தான் எடுப்பார்கள். பரீட்சையில் ஐந்து மதிப்பெண் கேள்விக்கு வசதி என்பதால்தான் எல்லா நோட்ஸிலும் அது முதல் பக்கத்தில் இருக்கிறது. அதற்குப் பதிலாகப் படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். தலைகீழாக வைத்தால் ஆள் யார், மரம் எது என்பது மறந்து, பாரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது மட்டும் தெரியும்.

படங்களை ஜெராக்ஸ் கடையில் ஏ4 தாளில் போடுங்கள், சில ரூபாய்தான். ஜெராக்ஸ் நடுச் சாம்பலைச் சரியாகக் காட்டாது, பாதியைத் தின்றுவிடும். அதுவே நமக்கு நல்லது, வடிவம் நிற்காத படம் தாளில் அப்படியே கலைந்துபோகும், யாரும் விளக்கவேண்டியதில்லை. வருடக் கடைசியில் நல்ல படங்களை மட்டும் லேபில் கொடுத்து ஒழுங்காகப் பிரிண்ட் எடுங்கள். உங்கள் பணத்தில் இரண்டு சுமாரான போன், சிம் இல்லாமல், பள்ளிப் பெயரில் பில் போட்டு வாங்கி ஹெச்எம் பீரோவில் வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் போன் கொண்டுவரக் கூடாது என்கிற பிரச்சினை அதோடு தீரும். மீதி முழுக்கப் பிரிண்ட்டுக்கு. படம் நன்றாக வர ஆரம்பித்ததும் போட்டி என்று சொல்லிக்கொண்டு சிலர் வருவார்கள். நுழைவுக் கட்டணம் கேட்கிற போட்டிக்குப் பிள்ளைகளின் படத்தை அனுப்பாதீர்கள். பங்கேற்ற எல்லோருக்கும் கோப்பை, கோப்பைக்குத் தனிக் கட்டணம், விதிமுறையின் கடைசி வரியில் படத்தின் உரிமை முழுக்க அவர்களுக்கே என்று இருக்கும்.

இருட்டறைச் சாமான் வேண்டாம் என்றேன், அதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. உங்கள் ஊரில் பழைய ஸ்டுடியோ வைத்திருந்த பெரியவர் யாராவது இருந்தால் போய்ப் பாருங்கள். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நடந்த காலத்தில் அவர்களுடைய 'இந்து' (Indu) போட்டோ பேப்பர் இல்லாத ஸ்டுடியோ குறைவு, மேசை இழுப்பறையில் இன்னும் ஒரு கட்டு கிடக்கலாம். அது படம் பிரிண்ட் போட உதவாது, மங்கிப்போயிருக்கும். ஆனால் வேறொன்றுக்கு அருமையாக உதவும், அதற்கு டெவலப்பரும் வேண்டாம், இருட்டறையும் வேண்டாம். சும்மா கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், காசு கேட்டால் பேரம் பேசாமல் திரும்பிவிடுங்கள், பழைய பேப்பரை அரிய பொருள் என்று விற்கிற கூட்டமும் இருக்கிறது. பேப்பர்க் கட்டை வெளிச்சத்தில் பிரிக்காதீர்கள், ஜன்னல் அடைத்த அறையில் ஒவ்வொரு தாளாக எடுத்துப் பிள்ளைகளிடம் கொடுங்கள். பளபளப்பான பக்கம் மேலே இருக்கட்டும். வேப்பிலை, முருங்கைக் கொத்து, வளையல், சாவி என்று எதையாவது அடுக்கி மேலே ஒரு கண்ணாடித் தகடு வைத்து வெயிலில் அரைமணி நேரம் வைத்தால் போதும். வெயில் பட்ட இடம் ஊதாவும் பழுப்புமாகக் கறுக்கும், பொருள் மறைத்த இடம் வெளிறி நிற்கும், சார்ட் கிழித்தபோது பார்த்த அதே பாடம் கேமரா இல்லாமலே தாளில் இறங்கியிருக்கும். தாளைத் தொட்ட கையை எல்லோரும் சோப்புப் போட்டுக் கழுவவேண்டும். ஹைப்போ என்கிற கெமிக்கல் கரைசலில் போட்டு, மேலும் கறுக்காமல் நிலைநிறுத்தலாம் என்று அந்தப் பெரியவர் சொல்வார், நாற்பது பிள்ளைகளோடு அது வேண்டாம், அந்தத் தண்ணீரைப் பள்ளிச் சாக்கடையில் ஊற்றவும் கூடாது. வெயிலிலிருந்து எடுத்த கையோடு நிழலுக்குக் கொண்டுபோய்ப் போனில் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுத்துவிடுங்கள், ஹைப்போ காணாத தாள் வெளிச்சம் படப்படக் கறுத்துக்கொண்டே போகும்.