ஏ.சி. கடைச் செம்புக் குழாய் பிரேக்குக்கு ஆகாது

கேள்வி: நாகப்பட்டினத்தில் கடலோரம் குடியிருக்கிறோம். 2008-இல் பதிவான பெட்ரோல் கார், ஏ.பி.எஸ். இல்லை. பின்சக்கரத்துக்குப் போகும் பிரேக் பைப் துருப்பிடித்து ஒழுகுகிறது. கெட்டுப்போன ஒரு அடியை வெட்டிவிட்டு, ஏ.சி. செம்புக் குழாயைப் போட்டு இணைத்தால் 600 ரூபாயில் முடியும் என்கிறார் மெக்கானிக். கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் பைப் வர மூன்று வாரம் ஆகுமாம். போன வருஷம்தான் எஃப்.சி. ஆனது. மெக்கானிக் சொல்வதைச் செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். பைப் மாறும்வரை அந்தக் காரை ஓட்டவும் ஓட்டாதீர்கள்; பட்டறைக்கே வேறு வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். மற்ற சக்கரங்களில் பிரேக் பிடிக்கிறதே என்று தோன்றும். பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் இரண்டு தனி அறைகள் உண்டு, ஒவ்வொன்றும் இரண்டு சக்கரங்களுக்கு. ஒரு பைப் வாய் விட்டால் அந்த ஜோடியே போய்விடும். மிச்ச ஜோடியும் பெடல் ஏறக்குறைய தரையைத் தொட்ட பிறகுதான் பிடிக்கும். பழக்கமில்லாத கால் அதற்குள் பதறிவிடும்.

செம்புக்கு வருவோம். வீட்டு ஏ.சி.யில் அழுத்தம் 400 பி.எஸ்.ஐ.யை ஒட்டி இருக்கும். குறுக்கே மாடு வந்து ஓங்கி மிதிக்கிற நொடியில் பிரேக் பைப்பில் 1000-ஐத் தாண்டும். அதைவிடப் பெரிய எதிரி அதிர்வு. ஒரு செம்புக் கம்பியைக் கையில் நாலைந்து தடவை மடக்கி நிமிர்த்திப் பாருங்கள்: முதலில் விறைக்கும், பிறகு ஒடியும். காருக்கு அடியில் குழாய்க்கு நடப்பதும் இதுதான், மெதுவாக. பட்டறையில் ஒழுகாது, ஒரு வருஷம்கூட ஒழுகாது. என்னிடம் வந்த ஒரு காரில் இப்படிப் போட்ட செம்பு, நட்டு முடிகிற இடத்தில் வட்டமாகக் கீறிவிட்டிருந்தது. மலையிலிருந்து இறங்கி வந்த குடும்பம். சமவெளிக்கு வந்த பிறகு கீறியதால் பிழைத்தார்கள்.

குழாயின் வாயை விரிப்பதிலும் கோளாறு. ஏ.சி. டூலால் விரித்தால் ஒரே மடிப்புதான் வரும். பிரேக்குக்கு இரட்டை மடிப்பு வேண்டும்: முதலில் விளிம்பை உள்பக்கமாகச் சுருட்டி, பிறகு கூம்பால் அழுத்தி அதன்மேலேயே படிய வைப்பது. இரண்டு சுவர் சேர்ந்து நிற்பதால்தான் நட்டை முடுக்கும்போது விளிம்பு பிளக்காது. உங்கள் மெக்கானிக்கிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "டபுள் ஃப்ளேர் டூல் இருக்கா?" இல்லையென்றால் வேறு ஆளைப் பாருங்கள். இருந்தால், ஹேக்ஸாவால் அறுக்காமல் டியூப் கட்டரால் வெட்டுகிறாரா, உள்விளிம்பின் பிசிரைச் சுரண்டி எடுக்கிறாரா என்று பாருங்கள்.

மரையில் டெஃப்லான் டேப் சுற்றினால் உடனே தடுத்து நிறுத்துங்கள். இங்கே அடைப்பது மரை இல்லை. விரித்த வாய், எதிரே இருக்கும் சாய்வான பரப்பில் உலோகத்தோடு உலோகமாக உட்கார்ந்து அடைக்கிறது. டேப் போட வேண்டியிருக்கிறது என்றால் வாய் சரியாக விரியவில்லை என்று அர்த்தம். பிய்ந்த துணுக்கு உள்ளே போய் வழியை அடைக்கவும் செய்யும்.

செம்பு நிறத்தில் இருந்தும் போடக்கூடிய பைப் ஒன்று உண்டு. குப்ரோ நிக்கல். செம்போடு சுமார் 10 சதவீதம் நிக்கல், கொஞ்சம் இரும்பு, கொஞ்சம் மாங்கனீசு சேர்ந்த கலவை. வோல்வோ 1970-களிலேயே தன் கார்களில் இதைப் போட ஆரம்பித்தது. உப்புக்காற்றுக்கு அசையாது. கையால் வளையும், வாயும் அழகாக விரியும். உங்கள் ஊருக்கு நான் சொல்லக்கூடிய முதல் பைப் இதுதான். ஆனால் வாங்குவதில்தான் ஏமாற்று. வெறும் செம்புச் சுருளைக் காட்டி "குப்ரோ நிக்கல் சார்" என்பார்கள். காந்தம் வைத்துப் பார்த்துப் பயனில்லை, இரண்டிலுமே ஒட்டாது. வெட்டிய முகத்தைப் பாருங்கள்: செம்பு பளிச்சென்று சிவக்கும், கலவை மங்கிய இளஞ்சிவப்பாக இருக்கும். பில்லில் சி70600 என்ற கலவை எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் வாங்காதீர்கள். அது கிடைக்காவிட்டால் பூச்சுள்ள 4.75 மில்லிமீட்டர் ஸ்டீல் பிரேக் பைப் போதும்.

எதை வாங்கினாலும் ஒரு அடி ஒட்டுப் போடாதீர்கள். பைப்பை பாடியோடு பிடித்திருக்கும் கிளிப்புகளுக்கு அடியில்தான் உப்பும் சேறும் தங்கித் துரு ஏறும். ஒரு கிளிப்பில் ஓட்டை என்றால் அடுத்த கிளிப்பிலும் அரித்திருக்கும். இணைப்பிலிருந்து இணைப்பு வரை முழு நீளத்தையும் மாற்றுங்கள். மூன்று வாரம் காத்திருக்கவும் தேவையில்லை. கழற்றிய பைப்பை மாதிரி வைத்து, நல்ல பிரேக் பட்டறை ஒரே நாளில் வளைத்துக் கொடுத்துவிடும். சில ஆயிரம் ரூபாய் ஆகும். கடலோர ஊர்களில் சாதாரணமாகத் துருப்பிடிக்கிற ஒரு பைப்பைக் கையிருப்பில் வைக்க ஏன் கம்பெனிகளால் முடியவில்லை என்பது எனக்குப் பல வருஷக் கோபம்.

எஃப்.சி. ஆனதை வைத்து நிம்மதி அடையாதீர்கள். 15 வருஷம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கும்போது ஒரு புரோக்கரே எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்திருப்பார். வண்டியைத் தூக்கி, டார்ச் அடித்து, பைப்பைத் தடவிப் பார்க்காத சோதனை எப்படிச் சோதனையாகும்? நம்பர் பிளேட்டும் ஹாரனும் விளக்கும் சரியாக இருந்தால் பிரேக் பிடித்துவிடுமா? பழைய கார் விற்கும் தரகர்கள் இதைவிட மோசம். துருவுக்கு மேலேயே கறுப்பு அண்டர்கோட்டிங் அடித்து "அடிபாகம் புதுசு" என்பார்கள். அந்தக் கறுப்பைக் கத்தி முனையால் சுரண்டிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

பைப் மாட்டியதும் சீல் உடைக்காத பாட்டிலிலிருந்து, பிரேக் ஆயில் டப்பாவின் (ரிசர்வாயர்) மூடியில் போட்டிருக்கிற டாட் 3 அல்லது டாட் 4 பிரேக் ஆயிலை ஊற்றி நாலு சக்கரத்திலும் ஏர் எடுக்க வேண்டும், அதாவது பைப்புக்குள் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். திறந்து கிடந்த பாட்டில் காற்றின் ஈரத்தைக் குடித்திருக்கும், வேண்டாம். எஞ்சின் ஆயில் கலந்தால் ரப்பர் எல்லாம் ஊதிப்போகும். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, நீங்களே பெடலை ஓங்கி அழுத்தி ஒரு நிமிடம் பிடியுங்கள். மெக்கானிக் அடியில் டிஷ்யூ பேப்பரால் ஒவ்வொரு நட்டையும் ஒற்றிப் பார்க்கட்டும். பெடல் மெல்ல இறங்கினாலோ பேப்பர் நனைந்தாலோ, காரை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வீட்டுக்குப் போங்கள்.