பவர் பத்திரம் போதாது

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் வீடு மார்த்தாண்டம் பக்கம். அம்மாவுக்கு 71 வயது, ஓய்வுபெற்ற ஆசிரியை. மூன்று மாதத்துக்கு முன் நரம்பியல் மருத்துவர் பார்த்துவிட்டு அல்சைமரின் தொடக்கம் என்றார். அப்பா இல்லை. அண்ணன் தோஹாவில் இருக்கிறார். அம்மா பெயரில் வீடும், 80 சென்ட் ரப்பரும், வங்கியில் ஒரு பிக்சட் டெபாசிட்டும் உண்டு. "இப்பவே ஒம் பேருக்கு ஒரு பவர் எழுதி வாங்கிரு, பெறவு கவலையில்ல" என்கிறார் அண்ணன். "அவளுட்ட ஒண்ணும் சொல்லாத, மனசு ஒடஞ்சு போவும்" என்கிறாள் சித்தி. நோயின் பெயர் இன்னும் அம்மாவுக்குத் தெரியாது. எங்கிருந்து தொடங்குவது?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

அண்ணனின் அவசரம் சரிதான், அவர் சொல்லும் பவர், அதாவது ஒருவர் தன் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பத்திரம்தான் சரியில்லை. பவர் எழுதிக் கொடுத்தவர் சித்தசுவாதீனம் இழந்தால் பவரும் அதோடு முடிந்தது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, 201-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. நினைவு தப்பிய பிறகும் செல்லுபடியாகும் பவர் பிரிட்டனில் உண்டு, நம் சட்டத்தில் இல்லை. ஆக, உங்களுக்கு அது எப்போது தேவைப்படுமோ அப்போதுதான் அது செல்லாக்காசாகும். அதன்பின் அம்மாவின் சொத்தைக் கையாள உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் மனுப்போட்டு, மருத்துவ அறிக்கை கொடுத்து, காப்பாளராக நியமனம் வாங்க வேண்டியிருக்கும். இன்றைய சில காரியங்களுக்கு ஒத்தாசையாகப் பவர் இருக்கட்டும், அதையே நம்பி இருக்காதீர்கள்.

சித்தி சொல்வதை நான் ஏற்கவில்லை. நோய் இருக்கிறது என்பதாலேயே ஒருவர் முடிவெடுக்கும் திறன் இழந்தவராகிவிட மாட்டார். திறனை ஒவ்வொரு முடிவுக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். வட்டிக் கணக்கு தப்புகிறவருக்கு யார் தன்னைக் குளிப்பாட்ட வேண்டும் என்பது தெளிவாகத் தெரியும். நோயை மறைத்தால் அம்மாவிடம் எதைக் கேட்பது? மருத்துவரை வைத்தே சொல்லச் செய்யுங்கள். "இது மறதி நோய், மெதுவாகக் கூடும், நீங்க சொல்றத இப்பவே எழுதி வைப்போம்" என்ற அளவு போதும்.

பேச்சைக் காலைப் பலகாரம் முடிந்ததும் வையுங்கள், அந்தி சாய்ந்தால் பலருக்குக் குழப்பம் கூடும். டிவியை அணைத்துவிட்டு இருபது நிமிடம், ஒரு நாளைக்கு ஒரே விஷயம். "எதிர்காலத்துல ஒங்களுக்கு என்ன வேணும்" என்று கேட்டால் "நீங்க பாத்துச் செய்யுங்க" என்றுதான் பதில் வரும். "அம்மா, ஒங்களால குளிக்க முடியாம வந்தா யாரு குளிப்பாட்டணும்? நானா, மயினியா, காசுக்கு ஆளா?" என்று கேளுங்கள். ஆண் உதவியாளர் தொடுவது சம்மதமா, பகல்நேரம் மட்டும் ஆள் வந்தால் போதுமா, கடைசிவரை இந்த வீடா, யாருடைய வீடு வேண்டவே வேண்டாம் என்றெல்லாம் விட்டுவிட்டுக் கேட்கலாம். நகையையும் மறக்காதீர்கள். சங்கிலியும் வளையலும் ஒரு நாள் கழற்றப்படும், அப்போது "களவு போச்சு" என்று உதவிக்கு வந்தவரைச் சொல்வார். யாரிடம் இருக்கட்டும் என்று அம்மாவே இப்போது சொல்லட்டும். பதிலை அவர் வார்த்தையிலேயே தேதியோடு எழுதி, போனில் வீடியோவும் எடுத்து வையுங்கள். அம்மா வழி தெரியாமல் உங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் களியக்காவிளை தாண்டி திருவனந்தபுரம்வரை போய்விடலாம் என்பதால், கையில் கட்டும் அடையாளப் பட்டையில் உங்கள் போன் எண்ணைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதுங்கள்.

உயிலை இந்த மாதமே எழுதிவிடுங்கள். இரண்டு சாட்சிகள் வேண்டும், சொத்தில் பங்கு பெறுபவர் சாட்சியாக நிற்கக்கூடாது. கிறிஸ்தவக் குடும்பம் என்றால் சாட்சிக்கோ அவருடைய கணவன், மனைவிக்கோ எழுதிய பங்கே செல்லாமல் போகும். பதிவு கட்டாயமில்லை, ஆனால் செய்துவிடுவது நல்லது. நடக்க முடியாதவர் என்றால் சார்பதிவாளர் வீட்டுக்கே வர மனுக் கொடுக்கலாம். அதே நாளில் ஒரு மருத்துவச் சான்றும் வாங்குங்கள். "நல்ல மனநிலையில் உள்ளார்" என்ற ஒற்றை வரி போதாது. பிள்ளைகள் யார், சொத்து எது, யாருக்கு ஏன் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் அதில் இருக்க வேண்டும். பிற்காலத்தில் உயிலை எதிர்ப்பவர் முதலில் கைவைப்பது இங்கேதான். உயிருள்ளபோதே செட்டில்மென்ட், அதாவது சொத்தை இப்போதே மாற்றிக் கொடுக்கும் பத்திரம், எழுதச் சொல்பவர்கள் வருவார்கள். எழுதியே ஆக வேண்டுமென்றால் "பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனை பத்திரத்திலேயே இருக்கட்டும். 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டம் 23-ஆம் பிரிவில் ரத்துக் கேட்க அதுதான் பிடிமானம்.

வங்கியில் உங்களுக்கு வேலை குறைவு. கணக்கில் உங்கள் பெயரையும் சேர்த்து, 'இருவரில் ஒருவர்' இயக்கும்படி மாற்றுங்கள். பிக்சட் டெபாசிட்டைத் தவணைக்கு முன் எடுக்க, அப்படி மாற்றிய பிறகும் இருவர் கையெழுத்தும் கேட்பார்கள். ஒருவரே எடுக்க அனுமதிக்கும் விருப்பத்தை இப்போதே எழுதிக் கொடுங்கள். கையெழுத்து கோணினால் செக் திரும்பி வரும்.

இனி மருத்துவம். உச்சநீதிமன்றம் 2018-இல் ஏற்று, 2023 ஜனவரியில் எளிதாக்கிய முன்விருப்ப ஆவணத்தை, அதாவது தான் பேசமுடியாத நிலைக்குப் போனால் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைப்பதை, அம்மா எழுதலாம். இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி ஒருவரின் சான்று, அம்மா பேசமுடியாதபோது பேச ஒருவரின் அல்லது ஒருவருக்கு மேற்பட்டவர்களின் பெயர், இவ்வளவுதான். தோஹாவிலிருக்கும் அண்ணனோடு உங்களையும் சேர்த்துக் குறிப்பிடுங்கள். விமானம் கிடைக்காத இரவில் ஆஸ்பத்திரி உங்களைத்தான் கேட்கும். 'மீளமுடியாத நிலை' என்று பொதுவாக எழுதினால் மறதி நோயில் அது எப்போது வந்தது என்று மருத்துவர்களே வாதிடுவார்கள். "வீட்டாரை அடையாளம் தெரியாமல், வாய்வழி விழுங்கவும் முடியாமல் போனால் வென்டிலேட்டர் வேண்டாம், வலிக்கு மட்டும் மருந்து கொடுங்கள்" என்பதுபோல் எழுதுங்கள்.

அதில் உணவு செலுத்தும் மூக்குக் குழாய் பற்றி ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும், குடும்பங்கள் அதிகம் தடுமாறுவது அங்கேதான். முற்றிய மறதி நோயில் குழாய் ஆயுளைக் கூட்டுவதாகத் தெரியவில்லை. எச்சிலே மூச்சுக்குழலுக்குள் இறங்குவதால் நிமோனியாவையும் அது தடுப்பதில்லை. அவர் பிடுங்குவார், உடனே கையைக் கட்டுவார்கள். அதற்குப் பதில் நிமிர்த்தி உட்காரவைத்து, குழைய வடித்த கஞ்சியைச் சிறு கரண்டியில் அரைக்கரண்டியாக, ஒரு வாய் இறங்கியதும் அடுத்த வாயாகக் கொடுக்க வேண்டும். கஞ்சித் தண்ணியைத் தனியாக ஊற்றாதீர்கள், நீர்த்தது சட்டென்று புரையேறும். முடிந்த பின் அரைமணி நேரம் படுக்கவிடக் கூடாது. அம்மாவுக்கு எது சம்மதம் என்று இப்போது கேட்டு எழுதுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஒரே இரவில் அம்மா தலைகீழாக மாறினால், அது நோய் முற்றியதல்ல என்றே முதலில் நினையுங்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய மாத்திரை எல்லாம் அப்படிச் செய்யும். அந்த வாரத்தில் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்து வாங்காதீர்கள், எதையும் கைவிடவும் முடிவெடுக்காதீர்கள்.

மருத்துவ ஆவணத்தின் நகல் அலமாரியில் தூங்கினால் பயனில்லை. குடும்ப மருத்துவரிடம் ஒன்று, உள்ளாட்சி அலுவலகத்தில் ஒன்று, அண்ணனின் போனில் ஒன்று, ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரிக்கோ திருவனந்தபுரத்துக்கோ கொண்டுபோகும் மருந்துப் பையில் ஒன்று. ஆறு மாதத்துக்கொருமுறை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். வேறு பதில் சொன்னால் பழையதை அடிக்காமல், அதன் கீழே அன்றைய தேதியிட்டுப் புதியதை எழுதுங்கள். நோட்டரி சான்று பெற்ற பகுதியில் மாற்றம் என்றால் மறுபடியும் சாட்சிகளோடு நோட்டரியிடம் போக வேண்டும்.