பூட்டு யாருக்கு?

கேள்வி: திருட்டுப் பிரதியில் வீடியோ கேம் விளையாடுகிறவர்கள் எதற்கும் திருந்தப்போவதில்லை. நகலெடுப்பதைத் தடுக்கும் மென்பொருள் பூட்டை இன்னும் கடுமையாகப் போடுவதைத் தவிர, கேம் உருவாக்குகிறவர்களுக்கு வேறு என்ன வழி இருக்கிறது?

பதில்: பூட்டு யாரை வெளியே நிறுத்துகிறது என்று முதலில் பாருங்கள். 2010இல் 'அசாசின்ஸ் கிரீட் 2' கேமின் கணினிப் பதிப்பு வந்தபோது, அதைத் தனியாக விளையாடுவதற்குக்கூட இணைய இணைப்பு அறுபடாமல் இருக்க வேண்டும் என்றது யூபிசாஃப்ட் நிறுவனம். அந்த மார்ச் மாதமே அந்நிறுவனத்தின் சர்வர்கள் முடங்கின. காசு கொடுத்தவர்கள் வாசலில் நின்றார்கள். 2008இல் 'ஸ்போர்' கேம் வந்தபோது, வாங்கிய பிரதியை மூன்று கணினிகளில் மட்டுமே நிறுவலாம் என்று அதை வெளியிட்ட எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் கட்டுப்பாடு வைத்தது. பூட்டு உடைத்த பிரதியோ வெளியீட்டு நாளுக்கு முன்பே இணையத்தில் சுற்றத் தொடங்கிவிட்டது. அதில் எந்தக் கட்டுப்பாடும் இல்லை. அசலைவிடத் திருட்டுப் பிரதி ஒழுங்காக வேலை செய்தால், அது விற்றவரின் குற்றம்.

கையில் காசு இருந்தும் எதற்கும் கொடுக்க மனமில்லாதவர்கள் உண்டு. அவர்களைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். பூட்டு போட்டாலும் வாங்கமாட்டார்கள், திறந்து வைத்தாலும் வாங்கமாட்டார்கள். நான் கவலைப்படுவது மற்றவர்களைப் பற்றி. சம்பளத்துக்கு எட்டாத விலை, தன் நாட்டில் விற்பனைக்கே வராத கேம், வாங்கும் முன் விளையாடிப் பார்க்க மாதிரிப் பதிப்பு இல்லாதது, முன்பு வாங்கியது ஓடாமல் போன கோபம். இவர்கள் வாங்க வேண்டியவர்கள். கைநழுவிப் போனவர்கள்.

இதனால் திருட்டு நியாயமாகிவிடாது. 2013இல் இரண்டு சகோதரர்கள் 'கேம் டெவ் டைகூன்' என்ற கேமைப் பூட்டே இல்லாமல், எட்டு டாலருக்கு விற்றார்கள். கூடவே, திருட்டுப் பிரதி போலத் தோன்றும் ஒரு பொய்ப் பிரதியையும் அவர்களே இணையத்தில் விட்டார்கள். அதில் விளையாடுகிறவர் நடத்தும் கேம் நிறுவனம், திருட்டுப் பிரதிகளாலேயே திவாலாகும். முதல் நாளில் விளையாடியவர்களில் 93.6 சதவீதம் பேர் அந்தப் பொய்ப் பிரதியை வைத்திருந்தார்கள். கேமுக்குள் தாங்கள் உருவாக்கும் கேம்களை எல்லாரும் திருடுவதாக, திருடி விளையாடிய அவர்களே பிறகு புலம்பினார்கள்! இரண்டு பேரின் உழைப்பை இப்படி எடுத்துக்கொண்டவர்களுக்காக வாதாட என்னிடம் ஒரு சொல்லும் இல்லை.

ஆனாலும் வழி பூட்டில் இல்லை. போலந்துச் சந்தைகளில் திருட்டு சிடிகள் மலிந்திருந்த 1999இல், சிடி புராஜெக்ட் நிறுவனம் 'பால்டர்ஸ் கேட்' கேமை அங்கே கொண்டுவந்தது. உரையாடல்களைப் போலிஷ் மொழிக்கு மாற்றி, மக்கள் அறிந்த நடிகர்களைப் பேசவைத்தது. பெட்டிக்குள் வரைபடமும் விதிப்புத்தகமும் வைத்தது. சந்தைக்கடைக்காரரால் சிடியைத்தான் நகலெடுக்க முடிந்தது. அந்தப் பெட்டி விற்றது. அதே நிறுவனம் 2015இல் 'விட்சர் 3' கேமைத் தன் சொந்த இணையக் கடையில் பூட்டே இல்லாமல் விற்றது.

உங்கள் வாடிக்கையாளர் பேசும் மொழியில் கொடுங்கள். அவர் நாட்டு வருமானத்துக்கு ஏற்ற விலை வையுங்கள். பிழை தெரிந்தால் அதே வாரத்தில் சரிசெய்து அனுப்புங்கள். சர்வரை நிறுத்தும் நாள் வந்தால், அது இல்லாமலும் கேம் ஓடும்படி மாற்றிக் கொடுத்துவிட்டு நிறுத்துங்கள்.