செங்கோட்டை வண்டியில் ஏறுங்கள், அண்ணாச்சி

கேள்வி: வெளியூரில் வேலை பார்க்கும் என் மகனும் மகளும் ஆடி மாதம் முழுக்க இங்கே தங்கி, வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார்கள். குற்றாலத்தில் குளித்தாயிற்று. திருநெல்வேலி டவுனில் அல்வா வாங்கியாயிற்று. 'இனிமேல் இந்த ஊரில் பார்க்க என்னப்பா இருக்கிறது?' என்று கேட்கிறார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. சொல்லிக்கொள்ளும்படி ஒரு மால்கூட இல்லாத ஊரில் எதைக் காட்டுவது?
– ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: பிள்ளைகள் கேட்டதில் தப்பே இல்லை, அண்ணாச்சி. பள்ளிக்கூடம் முடியும்வரை டியூஷன், அப்புறம் வெளியூர்க் கல்லூரி, அதற்கு மேல் வேலை என்று அவர்களை விரட்டியது நாம்தான். ஊரைச் சுற்றிப் பார்க்க அவர்களுக்கு நேரம் எங்கே இருந்தது? 'எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பாளையங்கோட்டையிலிருந்து டவுனுக்கு எத்தனை ஆயிரம் தடவை போயிருப்பீர்கள்! தாமிரபரணியின் மேல் நீங்கள் கடந்துபோகும் சுலோசன முதலியார் பாலம், கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தார் உத்தியோகம் பார்த்த ஒரு மனிதர் தம் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டிக்கொடுத்தது. 1843இல் திறந்தார்கள். அதற்கு முன்னால் வெள்ளக் காலத்தில் அக்கரைக்கும் இக்கரைக்கும் போக்குவரத்து என்ன பாடு பட்டிருக்கும் என்று பிள்ளைகளிடம் ஒரு நாளாவது பேசியிருக்கிறீர்களா? பேசியிருந்தால் அவர்கள் பாலத்தில் வண்டியை நிறுத்திக் கீழே எட்டிப் பார்த்திருப்பார்கள்.

மால் இல்லையே என்று வருந்த வேண்டாம். அது அவர்கள் வேலை பார்க்கும் ஊரிலேயே இருக்கிறது. அல்வாவையும் நான் குறை சொல்லவில்லை. கோதுமையை ஊறப்போட்டு, ஆட்டி, பால் பிழிந்து, நெய் பிரிந்து வரும்வரை அடுப்படியில் நின்று கிண்டுகிறவரின் உழைப்பை வணங்குகிறேன். ஆனால் அல்வாப் பொட்டலத்தோடு ஊர் முடிந்துபோனது என்று நினைப்பது இந்த மண்ணுக்குச் செய்கிற அநியாயம்.

ஜங்ஷனில் செங்கோட்டை பாசஞ்சருக்கு டிக்கெட் எடுங்கள். பிள்ளைகளை மட்டும் அனுப்பாதீர்கள், நீங்களும் கூடப் போங்கள். பேட்டை, சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று வண்டி நின்று நின்று போகும். பொதிகை மலை கிட்டே வந்துகொண்டே இருக்கும். வழியெல்லாம் வயலும் வாழைத் தோட்டமும். எல்லா ஊரையும் ஒரே நாளில் முடித்துவிடப் பார்க்காதீர்கள். ஒரு நாளைக்கு ஓர் ஊர் போதும்.

முதலில் சேரன்மகாதேவியில் இறங்கி, பஸ் பிடித்துப் பத்தமடைக்குப் போங்கள். ரிஷிகேசத்தில் ஆசிரமம் அமைத்த சுவாமி சிவானந்தர் 1887இல் பிறந்த ஊர் அது. ஆனால் உங்களை நான் அனுப்புவது பாய்க்காக. பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்து வருடங்கள் ஆகின்றன. நம் வீடுகளிலோ தரையில் விரித்துக் கிடப்பது பிளாஸ்டிக் பாய். தறி இருக்கும் ஒரு வீட்டில் அனுமதி கேட்டு உட்காருங்கள். ஆற்றங்கரையில் வளரும் கோரையைக் கிழித்துக் காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் நாள் கணக்கில் ஊறவிட்டு, மறுபடியும் காயவைத்து, இன்னும் மெல்லியதாகக் கிழிக்கிறார்கள். கடைசியில் கையில் எடுக்கும் இழை நூல் போலத்தான் இருக்கும். பருத்தி நூலிலோ பட்டு நூலிலோ பாவு கட்டி, தரையோடு தரையாகக் கிடக்கும் தறியில் அந்தக் கோரையை ஒவ்வொன்றாக நுழைத்து நெருக்குகிறார்கள். ஒரு இழை, ஒரு தட்டு. மறுபடியும் ஒரு இழை, ஒரு தட்டு. அரை மணி நேரம் பார்த்தாலும் பாய் விரல் அகலம் வளர்ந்ததா என்று சந்தேகமாக இருக்கும். நயமான பட்டுப் பாய் முடிய வாரங்கள் ஆகும். முடிந்த பாயைத் துணி போல மடித்துவிடலாம். கல்யாணப் பாயில் மாப்பிள்ளை, பெண் பெயரையும் முகூர்த்த நாளையும் சேர்த்தே நெய்கிறார்கள். தறியில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் அந்த ஊர் இஸ்லாமியப் பெண்கள். இந்துக் கல்யாணங்களுக்கும் அந்தப் பாய்தான் போகிறது. உங்கள் மகளை அந்தப் பெண்களோடு பேசவிடுங்கள். விலை கேட்டதும் பேரம் பேச வாய் திறக்காதீர்கள். அந்தப் பாய்க்குள் போயிருக்கும் நாட்களை எண்ணினால், கேட்ட விலையே குறைச்சல் என்று உங்களுக்கே தெரியும்.

காருகுறிச்சிக்குப் போகிற அன்றைக்கு, வண்டி ஏறும் முன்பே காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரத்தைப் பிள்ளைகள் தங்கள் போனில் கேட்டுவிட்டு வரட்டும். 1921இல் பிறந்து 1964இல் மறைந்தவர். நாகஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். குருவின் பெயரைச் சொன்ன தஞ்சை நாட்டில் தம் ஊரின் பெயரையும் சொல்ல வைத்தவர். 43 வயதுக்குள் அவர் வாசித்துவிட்டுப் போனதை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அதே ஊரில் மண்பானை வனைகிறவர்கள் இருக்கிறார்கள். சக்கரத்தில் மண் எழும்பிப் பானை ஆகிறதைக் கிட்ட நின்று பார்க்கலாம்.

வீரவநல்லூரில் செடிபுட்டா சேலை நெய்கிறார்கள். செடியும் பூவுமாகப் புட்டா போட்ட கைத்தறிச் சேலை. 2023இல்தான் புவிசார் குறியீடு வந்தது. அங்கிருந்து ஆட்டோவிலோ பஸ்ஸிலோ திருப்புடைமருதூருக்குப் போய்விடலாம். கடனா நதி தாமிரபரணியில் சேரும் இடம். நாறும்பூநாதர் கோயிலின் ராஜகோபுரத்துக்குள் நிலை நிலையாக மரச் சிற்பங்களும் நாயக்கர் காலச் சுவரோவியங்களும் நிறைந்திருக்கின்றன. யுத்தம், யானை, கப்பல், குதிரை எல்லாம் அதில் உண்டு. அனுமதி கேட்டுத்தான் ஏற வேண்டும், கேட்கக் கூச்சப்படாதீர்கள். வெளியே ஆற்றங்கரை மரங்களில் பறவைகள் அடையும். 2005இல் அந்த இடத்தைப் பறவைகளுக்கான பாதுகாப்புக் காப்பகமாக (கன்சர்வேஷன் ரிசர்வ்) அறிவித்தபோது, இந்தியாவிலேயே அந்த வகையில் அதுதான் முதலாவது. இவ்வளவும் ஒரு சின்னக் கிராமத்தில்!

கல்லிடைக்குறிச்சிக்குப் போனால் அப்பளம் வாங்காமல் யாரும் திரும்புவதில்லை, வாங்குங்கள். ஆனால் குலசேகரமுடையார் கோயிலுக்குப் போகாமல் வந்துவிடாதீர்கள். 1982இல் அந்தக் கோயிலிலிருந்து நடராசர் திருமேனியையும் இன்னும் சில திருமேனிகளையும் திருடிக்கொண்டு போனார்கள். துப்புக் கிடைக்கவில்லை என்று வழக்கும் மூடப்பட்டது. இரண்டரை அடி உயர நடராசர் கடல் கடந்து, கைமாறி, ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்துக் கலைக்கூடம் ஒன்றில் போய் நின்றார். 2019 செப்டம்பரில்தான் ஊர் திரும்பினார். 37 வருடங்கள்! இவர் கல்லிடைக்குறிச்சி நடராசர்தான் என்று அடையாளம் காட்டியதில், புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் முன்பு எடுத்துப் பத்திரப்படுத்தியிருந்த புகைப்படத்துக்குப் பங்கு உண்டு. எங்கிருந்தோ வந்த ஒருவர் அந்தத் திருமேனியை நின்று பார்த்து, படம் பிடித்து, குறித்தும் வைத்திருக்கிறார். ஊர்க்காரர் எத்தனை வீட்டில் அப்படி ஒரு படம் இருந்திருக்கும்?

'எதைக் காட்டுவது' என்று நீங்கள் கேட்டதை நான் பொழுதுபோக்குக் கேள்வியாக எடுத்துக்கொள்ளாததற்குக் காரணம் இதுதான், அண்ணாச்சி. நாம் பார்க்காத கோயில் திருடனுக்கு வசதி. நாம் பார்க்காத தறி, நெய்தவளோடு நின்றுபோகும்.

நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்துக்காரர்களைப் பாருங்கள். 1994இல் அரசு சரணாலயம் என்று அறிவித்ததற்கு வெகுகாலம் முன்பிருந்தே பறவைகளை வீட்டுக்கு வந்த விருந்தாளியாக வைத்துக் காத்துவருகிறார்கள். நாரையும் கூழைக்கடாவும் ஊருக்குள்ளேயே, வீட்டு முற்றத்து மரங்களில் கூடு கட்டுகின்றன. தீபாவளிக்கு அங்கே வெடிச் சத்தம் கேட்காது. இமயத்தைத் தாண்டி வரித்தலை வாத்துகள் வந்து இறங்கும் குளம் அது. ஆடியில் போனால் ஏமாற்றமாக இருக்கும். தை பிறந்த பிறகு போங்கள். பிள்ளைகள் பொங்கலுக்கு வருவார்கள் அல்லவா, அப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கிருஷ்ணாபுரம் உங்களுக்கு அரை மணி நேரம்கூட இல்லை; திருச்செந்தூர் சாலையில்தான் இருக்கிறது. வெங்கடாசலபதி கோயில் மண்டபத் தூண்களில் ஒரு குறவன் இளவரசியைத் தூக்கிக்கொண்டு போகிறான். கர்ணன் நாகாஸ்திரத்தோடு நிற்கிறான். விரல் நகம்வரை கல்லில் இழைத்திருக்கிறார்கள். காலை வெயில் மண்டபத்துக்குள் எட்டும் நேரமாகப் பார்த்துப் போங்கள். தூணைத் தட்டிப் பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம்.

சாப்பாட்டுக்கு ஓட்டல் தேட வேண்டியதில்லை. ஆச்சியிடம் சொல்லி ஒரு நாள் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும், ஒரு நாள் கூட்டாஞ்சோறு, ஒரு நாள் தேங்காய்ப்பால் பிழிந்த சொதி, தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி என்று வைக்கச் சொல்லுங்கள். மகனை அடுப்படியில் பக்கத்தில் நிற்க வையுங்கள். முதல் பாலை எப்போது ஊற்றி எப்போது இறக்குவது என்பதை அவன் தெரிந்துகொண்டு போகட்டும்.

இன்னொன்று. ஆடி மாதத்தில் நெல்லைச் சீமையில் உட்கார்ந்துகொண்டு பார்க்க ஒன்றுமில்லை என்று யாராவது சொல்லலாமா? இது ஊர்ச் சாமிகளுக்கு விழா எடுக்கும் கொடைக் காலம். சுடலைமாடனுக்கும் இசக்கியம்மனுக்கும் முத்தாரம்மனுக்கும் ஊர் ஊராகக் கொடை நடக்கிறது. வில்லுப்பாட்டில் குடத்தின் வாயில் மட்டை விழும்போது எழும் ஓசை வயிற்றுக்குள் இறங்கும்; அதை ஒலிபெருக்கியில் கேட்டால் போதாது, பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். கணியான் கூத்து நடக்கிற கோயில் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். அண்ணாவி நின்று கதை பாட, பெண் வேடமிட்ட இருவர் சலங்கை கட்டி ஆடுவார்கள். பின்னால் மகுடம் என்கிற தோல் வாத்தியம் இரண்டு, ஒன்று உச்சம், ஒன்று மந்தம். அடிப்பதற்கு முன் தோலை நெருப்பில் காட்டிச் சூடேற்றி, தட்டிப் பார்த்து, மறுபடி சூடேற்றுவார்கள். கூத்து தொடங்கும் முன்பே போய் அதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். நள்ளிரவைத் தாண்டிச் சுடலை கதை உச்சத்துக்கு வரும்போது அந்த இரண்டு மகுடமும் சேர்ந்து எழுப்பும் வேகத்தில் சாமியாடிகள் எழுந்துவிடுவார்கள். இந்தக் கலையைக் கையில் வைத்திருக்கும் குடும்பங்கள் மிகவும் குறைவு. அழைத்து ஆடவைக்கும் ஊர்கள் இருப்பதால்தான் அது நிற்கிறது.

எந்த ஊரில் என்றைக்குக் கொடை என்று உங்கள் தெருவில் பூக்கட்டுகிறவரிடம் கேளுங்கள், சொல்லிவிடுவார். பெரும்பாலும் செவ்வாய், வெள்ளியாக இருக்கும். விடிய விடிய நடக்கும் என்பதால், மறுநாள் அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிடுமாறு பிள்ளைகளிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.