10,00,001 பகா எண்ணா? மீதியை மட்டும் பார்த்து விடை குறிக்காதீர்கள்

வங்கித் தேர்வுக்குப் படிக்கும் மகளுக்காக அம்மா ஒருவர் கேட்டிருக்கிறார்: "10,00,001-ஐ 6-ஆல் வகுத்தால் மீதி 5, ஆகவே பகா எண் என்று பயிற்சி மையத்தின் விடைக்குறிப்பில் இருக்கிறது. நம்பலாமா?"

நம்பாதீர்கள் அம்மா. அது பகு எண். 101-ஐ 9901-ஆல் பெருக்கிப் பாருங்கள், சரியாக வரும்.

மீதி பற்றிய விதி பொய்யில்லை, அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டதுதான் தப்பு. 3-ஐ விடப் பெரிய பகா எண் எதை எடுத்தாலும் 6-ஆல் வகுக்க மீதி 1 அல்லது 5 வரும். காக்கை கறுப்பு, அதற்காகக் கறுப்பாக இருப்பதெல்லாம் காக்கையா? 25-க்கு மீதி 1, 35-க்கு மீதி 5, இரண்டுமே ஐந்தாம் வாய்ப்பாட்டில் இருக்கின்றன. 'ஒரே நொடியில் பகா எண்' என்று பிடிஎஃப் விற்கிறவர்கள் இந்த 25-ஐக்கூடப் போட்டுப் பார்ப்பதில்லை, வாங்கிப் படிக்கிற பிள்ளைதான் மதிப்பெண்ணை இழக்கிறது. முதல்நிலைத் தேர்வில் 100 கேள்விக்கு 60 நிமிடம் என்று வைத்தால் குறுக்குவழிக் கடை பெருகாமல் என்ன செய்யும்? யோசிக்க நேரம் கொடுக்காமல் கணக்குத் திறமையைச் சோதிக்கிறோம் என்பது எனக்கு இன்னும் புரியவில்லை.

சரி, மகள் செய்ய வேண்டியது இதுதான். வர்க்கமூலம் 1000-க்குக் கொஞ்சம் மேலே, அதுவரை 168 பகா எண்கள் இருக்கின்றன, அத்தனையாலும் வகுக்க வேண்டாம். 2, 3, 5 பார்த்தவுடனே கழிந்துவிடும். வலப்பக்கத்திலிருந்து மும்மூன்று இலக்கமாகப் பிரித்து, மாற்றி மாற்றிக் கழித்துக் கூட்டினால் 1 − 0 + 1 = 2. பூஜ்ஜியம் வந்திருந்தால் 7, 11, 13 மூன்றும் வகுக்கும் (மூன்றையும் பெருக்கினால் 1001), 2 வந்ததால் மூன்றுமே இல்லை. அப்புறம் அதையே இரண்டிரண்டு இலக்கமாகச் செய்தால் 1 − 0 + 0 − 1, பூஜ்ஜியம். 101 வகுக்கிறது, வேலை முடிந்தது.

இன்னும் சுருக்கமான வழி, இதை 100-இன் கனத்தோடு 1-இன் கனத்தைக் கூட்டியதாகப் பார்ப்பது. இரண்டு கனங்களின் கூட்டலை அந்த இரண்டு எண்களின் கூட்டுத்தொகை எப்போதும் வகுக்கும், இங்கே 100 + 1. ராமானுஜன் சொன்ன 1729-உம் இப்படித்தான்: 12, 1 என்று பார்த்தால் 13 வகுக்கும், 10, 9 என்று பார்த்தால் 19 வகுக்கும், மிச்சம் 7. ஆகவே கனங்களின் கூட்டல் என்று தெரிந்தால் கண்ணை மூடிக்கொண்டு பகு எண் என்று குறிக்கலாம். ஒன்றே ஒன்று விதிவிலக்கு: 1-இன் கனமும் 1-இன் கனமும் சேர்ந்தால் 2, அது பகா எண். இதை மகள் நோட்டில் தனியாக எழுதி வைக்கட்டும், ஏனென்றால் 'எப்போதும்', 'ஒருபோதும்' என்று வாக்கியம் கொடுத்துச் சரியா தவறா என்று கேட்கும்போது இந்த 2-இல்தான் பிள்ளைகள் விழுகிறார்கள்.

மையத்தில் 10,00,003-ஐயும் கேட்கச் சொல்லுங்கள். அதற்கு மீதி 1, அது உண்மையிலேயே பகா எண். இரண்டும் அவர்களுடைய விதிக்குப் பொருந்துகின்றன, ஒன்றுதான் பகா எண். விடைக்குறிப்பைத் திருத்தித் தரச் சொல்லிக் கேளுங்கள், பணம் கட்டியிருக்கிறீர்கள்.