குழாயைத் திறந்து காட்டுங்க

கேள்வி: ஐயா, கனடாவுல வினிபெக் வந்து எட்டு மாசம் ஆச்சு. குளிரு, சமதரை, மால், அவ்ளோதான். 150 வருஷ ஊர்ல வரலாறுன்னு என்ன இருக்கப்போகுது? பசங்களுக்குக் காட்ட ஏதாவது இடம் இருந்தா சொல்லுங்க.

பதில்: தம்பி, குளிரை விடுங்க, அது எல்லாரும் சொல்றதுதான். ஆனா வரலாறு இல்லைன்னீங்களே, படிச்சதும் சுருக்குனு கோபம் வந்துச்சு. 150ங்கறது முனிசிபாலிட்டியோட வயசு. ரெண்டு ஆறு கூடற ஃபோர்க்ஸ்ல ஆறாயிரம் வருஷமா ஜனங்க வந்து தங்கியிருக்காங்க.

இடம் கேட்டீங்க. வீட்டுக் கிச்சன் குழாயைத் திறந்து காட்டுங்க. அந்தத் தண்ணி 150 கிலோமீட்டருக்கு மேல தாண்டி ஷோல் லேக் ஏரியிலேர்ந்து வருது, சரிவுலயே ஓடி வர்ற மாதிரி கட்டி 1919ல முடிச்சாங்க. அதே வருஷம் மே 15, ஜெனரல் ஸ்ட்ரைக், காலை ஏழு மணிக்கே டெலிபோன் ஆபரேட்டர் பொண்ணுங்க முதல்ல வெளிய வந்தாங்க, அப்புறம் சுமார் 30,000 பேரு. ஸ்ட்ரைக் கமிட்டி தண்ணியை நிறுத்தல, பிரஷரை மட்டும் கொறைச்சாங்க, தொழிலாளிங்களோட தாழ்ந்த வீட்டுக்கு வரும், மாடி வீட்டுக்கு ஏறாது. எவ்ளோ யோசிச்சிருக்காங்க பாருங்க!

ஆனா என்னை ரெண்டு நாளா அரிக்கிறது வேற. 2003 குளிர்காலத்துல நான் அங்க வாடகைக்கு இருந்தேன். டம்ளர்ல பிடிச்சா ஜில்லுனு வெளிப்பக்கமெல்லாம் வேர்க்கும், "இங்க தண்ணியைக் காய்ச்சவே வேண்டாம்மா"ன்னு அம்மாவுக்குப் பெருமையா லெட்டர் போட்டேன். ஒருநாள் பஸ்ல பக்கத்துல உக்காந்த வயசான அம்மா, "ஷோல் லேக் 40"ங்கற பழங்குடி ஊர்க்காரங்க, எங்க ஏரித் தண்ணியை நீங்க குடிக்கறீங்க, நாங்க காய்ச்சித்தான் குடிக்கறோம்னாங்க. கலங்கின ஆத்துத்தண்ணி சிட்டிக்குப் போற குழாயோட வாய்க்கு வராம இருக்க கால்வாய் வெட்டினப்ப அவங்க ஊரே தீவா துண்டாயிடுச்சு. கோடைல படகு, குளிர்ல பனி மேல நடை. 1997லேர்ந்து 2021 வரைக்கும், 24 வருஷம், காய்ச்சிக் குடிங்கன்னு உத்தரவு. ரோடே 2019லதான் வந்துச்சு, குழாய் வந்து நூறு வருஷம் கழிச்சு! அந்த லெட்டரை நெனச்சா இன்னிக்கும் எனக்கு நெஞ்சு அடைக்குது.

2014ல திறந்த மனித உரிமை மியூசியத்துக்கும் கூட்டிட்டுப் போங்க, நல்லாத்தான் இருக்கும். உள்ள குளம் மாதிரி தண்ணி கட்டி வச்சிருக்காங்க. அது எங்கேர்ந்து வருதுன்னு பசங்க கேட்டா சொல்லுங்க.